முதலை உண்ட பிள்ளையும் மறைந்துபோன துகளும்

அவிநாசியில் தமிழ் நடத்துவோருக்குச் சுந்தரர் வரலாற்றை மேலோட்டமாகக் கடந்து செல்ல வழியில்லை. திருப்புக்கொளியூர் என்னும் பழம்பெயருடைய இவ்வூரின் வழியே சுந்தரர் வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர்வீட்டில் அழுகை ஒலி. காரணம் கேட்கிறார். ஒத்த வயதுடைய இரு சிறுவர்கள் குளத்தில் நீராடச் சென்றதும், ஒருவனை முதலை விழுங்கியதும், பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கலியாணம் என்பதும் தெரிய வருகின்றன. இறைவனைப் பாடுகிறார் சுந்தரர். முதலை கரைக்கு வந்து பிள்ளையை உமிழ்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு அப்பிள்ளை மீண்டான் என்பது சேக்கிழார் காட்டும் நுட்பம்.

இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் எவரேனும் ஒரு மாணவர் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு. "பல ஆண்டுகள் கழித்து வளர்ந்து வந்தவன் அதே பிள்ளைதான் என்று பெற்றோர் எப்படி அறிந்தனர்? வேறொரு பிள்ளையாக இருக்கக்கூடாதா?" பக்தி இலக்கியத்தில் இவ்வினாவுக்கு இடமில்லை, பெற்றவளின் நெஞ்சம் அறியும் என்று சொல்லி நாமும் அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுவதுண்டு. ஆனால் இதே வினாவையே உயிர்நாடியாகக் கொண்ட துறை ஒன்றுண்டு என்பதை இயற்பியல் துறை நண்பர் ஒருவரின் வகுப்பில் அமர்ந்திருந்தபோதுதான் உணர்ந்தோம். துகள்களை மோதவிட்டுச் சிதறியவற்றிலிருந்து மறைந்துபோன துகளை அடையாளங்காணும் துறை அது. அத்துறையை இளநிலை மாணவர்க்கு அறிமுகப்படுத்தும் முறையையும், அதற்குப் பின்னே நம் மண்ணில் நிகழ்ந்த ஒரு வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் எல்லையில், ஜெனீவா நகருக்கருகே, நிலத்துக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று அமைந்துள்ளது. செர்ன் நிறுவனத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவிப்பான் அது. எதிரெதிர்த் திசைகளில் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் புரோட்டான் கற்றைகளை அங்கே மோதவிடுகின்றனர். 2009 நவம்பரில் அதில் முதல் மோதல்கள் நிகழ்ந்தன. முழு அளவில் இயங்கும்போது புரோட்டான் கொத்துகள் விநாடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. இவற்றுள் ஆயிரக்கணக்கான நிகழ்வுகளே பதிவுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன; எஞ்சியவை அக்கணமே கழித்துக்கட்டப்படுகின்றன.

மோதலில் பிறக்கும் அரிய துகள்களை எவரும் கண்டதில்லை, காணவும் முடியாது. இசட் எனப்படும் துகளின் ஆயுள், ஒரு விநாடியைப் பத்து இலட்சமாகக் கூறிட்டு, அக்கூறு ஒன்றை மீண்டும் பத்து இலட்சமாகக் கூறிட்டு, இவ்வாறு நான்கு முறை செய்தபின் எஞ்சுவதைவிடவும் சிறியது. பிறந்த இடத்திலேயே அது சிதைந்துவிடுகிறது. அதன் சிதைவில் பிறந்த வேறு துகள்களே உணர்கருவியை வந்தடைகின்றன. காலம் என்னும் முதலை விழுங்கிவிட்ட பிள்ளையை, அவன் விட்டுச்சென்ற தடங்களிலிருந்து மீட்கும் வேலை இது.

தடங்களைப் படிப்பதே மாணவருக்குத் தரப்படும் முதற்பாடம். உணர்கருவி வெங்காயம்போல் அடுக்கடுக்காக அமைந்தது. உள்ளடுக்கு, மின்சுமையுடைய துகள்களின் பாதையைக் காட்டும். காந்தப்புலத்தில் அப்பாதை வளைவதைக் கொண்டு உந்தத்தைக் கணிக்கலாம். அடுத்த அடுக்கில் எலக்ட்ரானும் ஒளித்துகளாகிய ஃபோட்டானும் தம் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதற்கும் அடுத்ததில் புரோட்டான், பையான் போன்றவை நிற்கும். யாவற்றையும் ஊடுருவி வெளியடுக்குவரை செல்வது மியூவான். ஆகவே வளைந்த தடமும் இரண்டாம் அடுக்கில் ஆற்றலும் இருந்தால் எலக்ட்ரான். தடமில்லாமல் ஆற்றல் மட்டும் இருந்தால் ஃபோட்டான். கடைசிவரை சென்ற தடமானால் மியூவான். நியூட்ரினோவோ எந்த அடுக்கிலும் சுவடு பதிக்காது. மற்றவற்றின் உந்தங்களைக் கூட்டிப் பார்க்கையில் ஒரு பக்கம் குறைவுபட்டால், அக்குறையே அது சென்றதற்குச் சான்று. ஈரமண்ணில் பதிந்த அடிகளைப் பார்த்து, சென்றது ஆடா மாடா என்று சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இம்முறை அந்நியமன்று.

இரண்டாம் பாடம் கணக்கு. ஒரு நிகழ்வில் எதிரெதிர் மின்சுமையுடைய இரு மியூவான்கள் கிடைத்தன என்று கொள்வோம். இரண்டின் ஆற்றல்களையும் பெருக்கி, அதனை இரண்டால் பெருக்கி, ஒன்றிலிருந்து இடைக்கோணத்தின் கோசைனைக் கழித்துக் கிடைப்பதாலும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் தாய்த்துகளின் நிறை கிடைக்கும். ஒன்றின் ஆற்றல் 60, மற்றதன் ஆற்றல் 70 கிகா எலக்ட்ரான் வோல்ட். இடைக்கோணம் 90 பாகை என்றால், 8400இன் வர்க்கமூலமாகிய 91.7 வருகிறது. இசட் துகளின் நிறை ஏறத்தாழ 91.2. பள்ளிக் கணக்கறிவே இதற்குப் போதும்.

நாம் அமர்ந்திருந்த வகுப்பில் ஒரு மாணவிக்கு முதல் நிகழ்விலேயே 91க்கு அருகில் விடை வந்துவிட்டது. "இசட் கிடைத்துவிட்டது ஐயா!" என்று எழுந்தே விட்டார். நண்பர் புன்னகையோடு கேட்டார்: "வேறு எது இப்படித் தோற்றம் தரக்கூடும் அம்மா?" தொடர்பற்ற இரு மியூவான்கள் தற்செயலாக அந்த ஆற்றலோடும் அந்தக் கோணத்தோடும் அமைந்திருக்கக்கூடாதா என்பதே வினா. மாணவி அமர்ந்தார். பின்னர் வகுப்பே சேர்ந்து நூற்றுக்கணக்கான நிகழ்வுகளைக் கணக்கிட்டது. நிறைவாரியாக அவற்றை எண்ணிக் கட்டங்களாக அடுக்கியபோது, தற்செயல்கள் தாழ்ந்த தரைபோல் பரவிக் கிடக்க, 91க்கருகே ஒரு மேடு எழுந்தது. அம்மேடுதான் இசட். தனி நிகழ்வு ஒன்றைச் சுட்டி, இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. கூட்டமே சாட்சி சொல்கிறது.

கணிப்பொறியின் உதவியால் இலட்சக்கணக்கான நிகழ்வுகளை அடுக்கினால் மேலும் சில மேடுகள் புலப்படும். 3.1க்கருகே எழுவது 1974 நவம்பரில் அமெரிக்காவில் இரு குழுக்கள் தனித்தனியே கண்ட ஜே-சை. 9.5க்கருகே எழுவது 1977இல் ஃபெர்மி ஆய்வகத்தில் கண்ட அப்சிலான். 91இல் நிற்பது 1983இல் செர்னில் கண்ட இசட். ஒரே வரைபடத்தில் மூன்று கண்டுபிடிப்புகளின் வரலாறு வரிசையாக நிற்பதைக் கண்டபோது, அகழ்வாய்வுக் குழியொன்றின் மண்ணடுக்குகளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

இத்தகைய தரவுகள் மாணவர் கைக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். உலக இயற்பியல் ஆண்டாகிய 2005 முதல், பல நாட்டுப் பள்ளி மாணவர்கள் ஒருநாள் அறிவியலராக அமர்ந்து உண்மையான மோதல் தரவுகளைப் படிக்கும் பயிற்சி வகுப்புகள் ஆண்டுதோறும் நடந்து வருகின்றன. மாலையில் அவர்கள் காணொளி வழியே பிற நாட்டு மாணவரோடு தம் முடிவுகளை ஒப்பிட்டுக்கொள்வர். 2014 நவம்பரில் செர்ன் தன் தரவுகளுக்கென்று இணையத்தில் பொது வாயில் ஒன்றைத் திறந்தது. சிஎம்எஸ் என்னும் உணர்கருவிக் குழு 2010இல் திரட்டிய தரவுகள் அதன் வழியே எவருக்கும் கிடைத்தன. அவிநாசியில் இருந்துகொண்டு அத்தரவுகளை எடுத்தாள இன்று கட்டணமும் இல்லை, அனுமதியும் வேண்டியதில்லை.

இவையாவும் மேலைநாட்டார் செய்த வேலை, நாம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறோம் என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. சிஎம்எஸ் உணர்கருவியின் பகுதிகள் சில நம் நாட்டில் உருவானவை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் அவற்றில் பங்கேற்றன. 2017 சனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடாயிற்று. 2004இல் இந்தியா அளித்த நடராசர் திருவுருவம் அவ்வளாகத்தில் நிற்பதை நம்மவர் பெருமையோடு பேசுகின்றனர். சிலையைப் பற்றிப் பேசிய அளவு, நம்மவர் சுவடு தேடிய வரலாற்றை நாம் பேசியதில்லை.

மோதுவிப்பான்கள் பெருகுமுன்னர், வானிலிருந்து பொழியும் அண்டக்கதிர்களே துகளாய்வுக்கு மூலப்பொருளாக இருந்தன. கொல்கத்தாவின் போசு ஆய்வு நிறுவனத்தில் தேபேந்திர மோகன் போசும் அவர் மாணவி பிபா சௌத்ரியும் 1930களின் இறுதியில் ஒளிப்படத் தகடுகளை டார்ஜிலிங், சந்தக்பூ மலைகளின் உயரங்களில் வைத்து, அவற்றில் அண்டக்கதிர்கள் பதித்த தடங்களை நுண்ணோக்கியால் அளந்தனர். எலக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகள்களின் தடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. முடிவுகள் 1941இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. ஆயினும் பையானையும் மியூவானையும் பிரித்தறியும் திறம் அத்தகடுகளுக்கு இல்லை. உயர்தரத் தகடுகளோ போர்க்காலத்தில் கிடைக்கவில்லை. 1947இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பவல் குழுவினர், மேம்பட்ட தகடுகளில், பையான் ஒன்று நின்று மியூவானாகச் சிதையும் காட்சியையே பிடித்துவிட்டனர். 1950இல் நோபல் பரிசு பவலுக்குச் சென்றது. "வேறு எது இப்படித் தோற்றம் தரக்கூடும்?" என்ற வினாவுக்கு விடை சொல்லும் தகடு ஒருவருக்கு வாய்த்தது, மற்றவருக்கு வாய்க்கவில்லை. பவலின் ஆய்வகத்தில் நுண்ணோக்கி முன் அமர்ந்து நாளெல்லாம் தடம் தேடியவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இன்று மாணவர் ஒருநாளில் செய்து மகிழும் வேலையை அவர்கள் வாழ்நாள் தொழிலாகச் செய்தனர். பெரும்பாலோரின் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை.

கோலார் தங்கவயலுக்கு வருவோம். கன்னட நாட்டு எல்லைக்குள் இருப்பினும், அச்சுரங்கங்களில் உழைத்தவருள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் பொன்னுக்காகக் குடைந்த ஆழம் இயற்பியலருக்கு வேறொரு வகையில் பயன்பட்டது. மேலிருந்து பொழியும் மியூவான்களைப் பாறை தடுத்துவிடும். ஆழம் மிக மிக அவற்றின் எண்ணிக்கை அருகிவிடும். டாடா நிறுவனத்து ஆய்வாளர்கள் 1960களின் தொடக்கத்தில் மிக ஆழமான மட்டத்தில் இரண்டு மாதம் கருவி வைத்துக் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடச் சிக்கவில்லை. பிறர் இதனைத் தோல்வி என்று மூட்டை கட்டியிருக்கலாம். அவர்களோ, இத்துணை அமைதியான இடமே நியூட்ரினோவைத் தேட ஏற்றது என்று தெளிந்தனர்.

ஓசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு இணைந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். மேலிருந்து வரும் மியூவான் ஏறத்தாழச் செங்குத்தாகவே வந்தாக வேண்டும்; பக்கவாட்டில் வருவதாயின் அது கடக்கவேண்டிய பாறையின் தடிமன் பன்மடங்காகிவிடும். எனவே கிடைமட்டமாகச் செல்லும் மியூவான் ஒன்று கிட்டினால், அது பாறைக்குள் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகவே இருக்க வேண்டும். 1965இல் அத்தகைய நிகழ்வுகள் கிடைத்தன. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களுக்கான முதல் சான்றை, தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் ஆய்ந்த குழுவும் கோலார்க் குழுவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளியிட்டன. கிடைத்த நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆயினும் அவை போதுமானவையாக இருந்தன; "வேறு எது?" என்ற வினாவின் வாயை இரண்டு கிலோமீட்டருக்கும் மிகுந்த பாறை அடைத்துவிட்டது.

அதே கோலாரில் மற்றொரு கதையும் உண்டு. 1970களின் நடுவில், புதியதோர் துகள் சிதைவதுபோல் தோன்றிய சில நிகழ்வுகள் பதிவாயின. கோலார் நிகழ்வுகள் என்றே அவை உலக வழக்கில் பெயர்பெற்றன. 1980இல் அங்கேயே 140 டன் இரும்பைக் கொண்டு, புரோட்டானும் அழியக்கூடியதா என்று அறியும் சோதனை தொடங்கிற்று. புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று கருதத்தக்க சில நிகழ்வுகளைக் குழுவினர் அறிவித்தனர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் நியூட்ரினோ மோதலும் அவ்வாறு தோற்றம் தரக்கூடும். அமெரிக்காவிலும் சப்பானிலும் பன்மடங்கு பெரிய கருவிகள் தேடியும் புரோட்டான் சிதைவு அகப்படவில்லை. இன்றளவும் அது காணப்படவில்லை. கோலார் நிகழ்வுகளும் உறுதிப்படவில்லை.

இவ்விரு கதைகளையும் மாணவர்க்குச் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது நம் கருத்து. ஒரே சுரங்கம், ஒரே மரபில் வந்த அறிஞர்கள், ஒரே உழைப்பு. ஒன்று வரலாற்றில் நின்றது; மற்றது நிற்கவில்லை. நேர்மையிலோ திறமையிலோ குறைவில்லை. தாம் கண்டதையும் அதன் ஐயத்தையும் வெளிப்பட எழுதி வைத்தமையாலேயே பிறர் அதனைச் சோதிக்க முடிந்தது. நம் நாட்டுச் சாதனைகளைப் பேசும் மேடைகளில் முதற்கதையை மட்டும் சொல்லிக் கைத்தட்டல் பெறுகிறோம். இரண்டாவதை மறைத்துவிட்டால், முதலாவது ஏன் உண்மை என்பதும் மாணவருக்கு விளங்காமற்போகும்.

இது ஏழை நாட்டுக் கருவிக்கு நேர்ந்த குறை என்றும் எவரும் எண்ணவேண்டா. 2015 டிசம்பரில் செர்னின் இரு பெருங்குழுக்களும் 750க்கருகே ஒரு சிறு மேடு தெரிவதாக அறிவித்தன. அதனை விளக்க நூற்றுக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகள் எழுந்தன. 2016 ஆகஸ்டில் மேலும் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மேடு கரைந்துவிட்டது. அது வெறும் தற்செயல். ஹிக்ஸ் துகளைப் பற்றி 2012 சூலை 4 அன்று அறிவித்தபோது, 125க்கருகே எழுந்த மேடு தற்செயலாக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறையும்வரை அவர்கள் "கண்டோம்" என்ற சொல்லை உச்சரிக்காமல் காத்திருந்தனர்.

கோலார்க் கதை அத்துடன் முடியவில்லை. அது நம் பக்கமாகத் திரும்புகிறது. தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. புரோட்டான் சோதனையில் பயன்பட்ட இரும்புக் குழாய் உணர்கருவிகள் அதற்கு முன்பே உதகைக்கு வந்து சேர்ந்திருந்தன. டாடா நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வகம் அங்கே 1950களிலிருந்தே இயங்கி வந்தது. மேக அறை என்னும் கருவியில் தடங்களைப் படம்பிடித்த காலம் அது. அவ்விடத்தில் இன்று கிரேப்ஸ்-3 என்னும் சோதனையில் 3712 குழாய்கள் 560 சதுர மீட்டர்ப் பரப்பில் மியூவான்களை எண்ணுகின்றன. 2014 டிசம்பர் முதல் நாளன்று நீலகிரியின்மேல் இடிமழை மேகமொன்று கடந்தபோது மியூவான் எண்ணிக்கை சிறிது குறைந்தது. அக்குறைவிலிருந்து, அம்மேகத்தினுள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று கணித்து 2019இல் வெளியிட்டனர். கோலாரில் எதிர்பார்த்த துகளைக் காட்டாத குழாய்கள், எவரும் எதிர்பாராத இடியின் வலிமையை உதகையில் அளந்து காட்டின.

அவிநாசியிலிருந்து அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்கு நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆண்டுதோறும் நம் கல்லூரிகளிலிருந்து பேருந்து பேருந்தாக மாணவர்கள் மலையேறுகின்றனர். தாவரவியல் பூங்காவும் படகுத்துறையும் பார்த்துத் திரும்புகின்றனர். அங்கே இப்படி ஓர் ஆய்வகம் உண்டு என்று அவ்வகுப்பில் கேட்டபோது, அறிந்தவராகக் கை உயர்த்தியவர் ஒருவருமில்லை. நாமும் அன்றுவரை அறியாதவரே.

தமிழ் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது ஒரே சுவடியை நம்பி மூலத்தை உறுதி செய்யவில்லை. பல சுவடிகளை ஒப்புநோக்கி, ஏடெழுதினோர் பிழையால் வேறு எந்தச் சொல் இவ்வடிவம் பெற்றிருக்கக்கூடும் என்று ஆராய்ந்தார். நம் பகுதியிலேயே, நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழ்வாய்வுகளில் தமிழ் பிராமி பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அவ்வோடுகள் எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்ற குறிப்பே அவற்றுக்குக் காலம் சொல்கிறது. இன்றோ, ஒரே ஓர் ஓட்டின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, ஊரின் தொன்மை பத்தாயிரம் ஆண்டு என்று முழங்குவோர் பெருகியுள்ளனர். மறுத்துக் கேட்பவரைத் தமிழ்ப் பகைவர் என்றும் சொல்லிவிடுகின்றனர். ஒற்றை நிகழ்வைக் கண்டு "கிடைத்துவிட்டது" என்று எழுந்த மாணவி, வினா கேட்டவுடன் அமர்ந்து மேலும் எண்ணத் தொடங்கினார். அந்தப் பண்பு தமிழ் வகுப்புக்கும் வேண்டியதே.

ஆதலால் இவ்வாண்டு முதல் சுந்தரர் பகுதியை நடத்தும்போது அந்தப் பழைய வினாவைத் தட்டிக்கழிப்பதில்லை என்று முடிவு செய்துள்ளோம். சேக்கிழார் காட்டும் அன்பின் உலகத்தில் தாய் அறிவாள் என்பதே விடை, அதில் மாற்றமில்லை. அவ்விடையைச் சொன்னபின், வினா கேட்ட மாணவரை நண்பரின் கணிப்பொறி அறைக்கு அனுப்பி வைக்கப்போகிறோம். அடுத்த உதகைச் சுற்றுலாவின்போது, உரிய அனுமதி கேட்டுப் பெற்று, கோலாரிலிருந்து வந்த அக்குழாய்களையும் பார்த்துவர எண்ணம்.